நாளைக் குறைத்தோம், மடியைக் குறைத்தோமா? இராமநாதபுரம் கடலின் மீன் இருப்பும் மீன்பிடிக் கொள்கையும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை, மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை. இத்தனை விதிகள் இருந்தும் இராமேஸ்வரம், மண்டபம், தொண்டி துறைகளில் “முன்ன மாதிரி பாடு (மீன் வரத்து) இல்ல” என்ற பேச்சு ஓயவில்லை.

விதிகள் குறைவு என்பதல்ல பிரச்சினை. இருக்கிற விதிகளில் பெரும்பாலானவை படகு கடலுக்குப் போகும் நாளையும் இடத்தையும் கட்டுப்படுத்துகின்றன. படகோடு போகும் மடியையும் (இழுவைவலையில் மீன் சேரும் பை) எஞ்சினையும் கட்டுப்படுத்தும் விதிகள் காகிதத்தில் இருக்கின்றன, துறையில் இல்லை. கொள்கைச் சீர்திருத்தம் என்று எதையாவது சொல்வதானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முதலில் மீன் இருப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

மீன் இருப்பு

கடலில் உள்ள மொத்த மீனுக்கு இந்தப் பெயர் இல்லை. ஒரே இனத்தைச் சேர்ந்து, ஒரு பகுதியில் கூடி இனம் பெருக்கும் கூட்டத்தைத்தான் ஓர் இருப்பு என்கிறோம். காரலுக்கு ஒன்று, நீலக்கால் நண்டுக்கு வேறு ஒன்று. இருப்பு இரண்டு வழியில் கூடுகிறது: புதுக் குஞ்சுகள் வந்து சேர்வது, இருக்கிற மீன் வளர்ந்து எடை போடுவது. இரண்டு வழியில் குறைகிறது: இயற்கையாகச் சாவது, நாம் பிடிப்பது. கூடுவதும் குறைவதும் சமமாக இருக்கும்வரை எத்தனை ஆண்டு பிடித்தாலும் கடல் கொடுக்கும்.

இந்தச் சமநிலை கெடுவதும் இரண்டு விதம். ஒன்று, மீன் வளர்வதற்கு முன்பே பிடித்துவிடுவது. மற்றொன்று, முட்டையிடும் தாய்மீன்கள் போதாமல் போகும்வரை பிடிப்பது. முதலாவது எடையையும் விலையையும் தின்கிறது. இரண்டாவது அடுத்த தலைமுறையையே தின்கிறது. நம் கரையில் இரண்டும் நடக்கின்றன. அன்றாடம் கண்ணில் படுவது முதலாவது.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஒரு மடியில் 20 கிராம் எடையுள்ள 1,000 மீன்குஞ்சுகள் ஏறுகின்றன. மொத்தம் 20 கிலோ. அவற்றை ஆறு மாதம் கடலில் விட்டிருந்தால் பாதி செத்துப்போகும் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 500 மீன், ஒவ்வொன்றும் 120 கிராம் என்றால் 60 கிலோ. பாதி செத்த பிறகும் எடை மூன்று மடங்கு. குஞ்சாக இருந்தபோது கிலோ 20 ரூபாய்க்குப் போயிருக்கும் சரக்கு, வளர்ந்த பிறகு 200 ரூபாய்க்குப் போகிறது என்றால் 400 ரூபாய் 12,000 ரூபாயாகிறது. கூடுதலாக ஒரு சொட்டு டீசல் இல்லை, ஒரு கட்டி ஐஸ் இல்லை.

அந்த 400 ரூபாய்ச் சரக்குக்கு நம் துறைகளில் பெயர் சங்காயம்.

சங்காயம் எங்கிருந்து வருகிறது

விசைப்படகு கரை சேர்ந்ததும் இறால், கணவாய், நண்டு, பெரிய மீன் தனித்தனியாகப் பிரியும். மிச்சமாகத் தளத்தில் குவிகிற சின்னக் காரல், விரல் நீள நகரை, நகம் அளவுக் கணவாய், ஓடு முற்றாத நண்டு எல்லாம் சேர்ந்து சங்காயமாகக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும். அள்ளிய குவியலை ஒரு தட்டில் பரப்பிப் பார்த்தால் அதில் பாதி மீனுக்கு நம் ஊர் சந்தையில் நல்ல விலை உள்ள பெயர் இருக்கும். பிடித்த வயதுதான் தவறு.

ஏன் இத்தனை சேர்கிறது? வடகடல் (பாக் விரிகுடா) ஆழமில்லாத கடல். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடம் 15 மீட்டருக்கும் குறைவு. வெளிச்சம் தரை வரை போவதால் கடற்புல் நன்றாக வளர்கிறது. இறால், நண்டு, ஓரா, விளமீன் போன்றவற்றின் குஞ்சுகள் அந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. கடல்பசு மேய்வதும் அந்தப் புல்லைத்தான். தரையை உரசிப்போகும் இழுவைமடி இறாலைத் தேடிப் போகும்போது புல்லைப் பிய்க்கிறது, குஞ்சையும் வாருகிறது. 1960-களில் இறால் ஏற்றுமதிக்காக அரசே ஊக்குவித்து வந்த தொழில்முறை இது. ஆகவே இன்று விசைப்படகு வைத்திருப்பவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. மாற்றத்தின் செலவில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு என்று சொல்வதும் இதனால்தான்.

வலைக்கண் அளவு: விதி எளிது, ஏமாற்றுவதும் எளிது

இழுவைவலையின் முன்பகுதி அகலமாக இருக்கும். மீன் கடைசியில் சேரும் பை, மடி. எந்த மீன் தப்பும், எது தப்பாது என்பதை முடிவு செய்வது இந்தப் பையின் கண் அளவுதான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. அதன் விதிகளின்படி மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அளக்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வாக்குவாதம் எல்லாம் இங்கேதான் வரும். வலை நனைந்திருக்க வேண்டும். ஒரு கண்ணின் எதிரெதிர் முடிச்சுகளைப் பிடித்து, நீளவாக்கில் விறைப்பாக இழுக்க வேண்டும். ஒரு முடிச்சின் உள்விளிம்பிலிருந்து எதிர் முடிச்சின் உள்விளிம்பு வரை உள்ள தூரம்தான் கண் அளவு. ஒரே ஒரு கண்ணை அளந்து முடிவு சொல்லக் கூடாது. தொடர்ச்சியாகப் பல கண்களை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஓரத்தில் தைத்த பகுதியையும் ஒட்டுப்போட்ட பகுதியையும் விட்டுவிட வேண்டும்.

இனி, எங்கே கெடுகிறது? முதல் வழி, 40 மில்லிமீட்டர் மடிக்குள்ளே சின்னக் கண் வலையில் இன்னொரு பை தைத்துவிடுவது. வெளியிலிருந்து அளந்தால் விதி சரியாக இருக்கும். இரண்டாவது வழியில் யாருடைய தப்பும் இல்லை. வலையின் இயல்பே அதுதான். வழக்கமான வலைக்கண் சாய்சதுரமானது. மடியில் சரக்கு ஏறி, படகு இழுக்கும்போது, ஈரத் துணியை முறுக்கினால் இழைகள் நெருங்குவதுபோல, கண்கள் நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்கின்றன. துறையில் 40 மில்லிமீட்டர் காட்டிய மடி கடலுக்குள் அந்த அளவுக்குத் திறந்திருக்காது. இதற்கு மாற்று, சதுரக்கண் மடி. வலைத்துண்டை 45 பாகை திருப்பித் தைத்தால் கண்ணின் இரண்டு பக்கங்கள் இழுக்கும் திசையிலேயே நிற்கும். பாரம் ஏறினாலும் திறப்பு மூடாது. வலை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, மடியை மட்டும் மாற்றினால் போதும். அதனால் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

சதுரக்கண்ணில் சின்ன இறாலும் கொஞ்சம் தப்பும். முதல் சில மாதம் வருமானம் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவை யார் தாங்குவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விதியை மட்டும் அறிவித்தால், உள்பை மறுநாளே திரும்பி வந்துவிடும்.

மூன்று நாள், ஆனால் எத்தனை எச்.பி.?

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்ற ஏற்பாடு 1970-களின் மோதல்களுக்குப் பிறகு வந்தது. நாட்டுப்படகு வலைகள் அறுபடாமல் இருக்க இது பெரிய உதவி செய்தது, இன்றும் செய்கிறது. மீன் இருப்பைக் காக்க அது போதுமா என்பது வேறு கேள்வி.

மடி ஒரு நாளில் வாரும் கடல்தரையின் பரப்பு மூன்றைப் பொறுத்தது: இழுக்கும் வேகம், வலைவாயின் அகலம், இழுக்கும் நேரம். மணிக்கு 2 கடல்மைல் வேகம், 15 மீட்டர் வாய், 10 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 56 ஹெக்டேர். எஞ்சினை மாற்றி வேகம் 3 கடல்மைல், வாய் 20 மீட்டர் என்றானால் அதே 10 மணி நேரத்தில் 111 ஹெக்டேர். அதாவது புதுப் படகின் மூன்று நாள், பழைய படகின் ஆறு நாள். நாளைக் குறைத்து எதையும் காப்பாற்றவில்லை.

விதியில் எஞ்சினுக்கு 240 எச்.பி. (குதிரைத்திறன்) உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் எழுதிய எஞ்சினும் படகில் ஓடுகிற எஞ்சினும் ஒன்றுதானா என்று பார்க்க, கடலில் துரத்திப் பிடிக்க வேண்டியதே இல்லை. படகு கரையேறும் தடைக்காலத்தில், ஆண்டு ஆய்வின்போது, எஞ்சின் எண்ணை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். வரியில்லா டீசல் அரசு தருகிறது: விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்தது 2023-இல் 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000-லிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இந்தச் சலுகையை மடி, எஞ்சின் ஆய்வில் தேறிய படகுக்கு மட்டும் என்று கட்டிவிட்டால், எந்தக் காவல்படகும் செய்யாத வேலையை டீசல் அட்டை செய்யும்.

61 நாள்

தடைக்காலம் 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளானது. பல இனங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவம் என்பதே காரணம். எல்லா இனமும் அந்தக் காலண்டரைப் பார்த்து முட்டையிடுவதில்லை என்றாலும் கடல்தரைக்கு இரண்டு மாதம் ஓய்வு கிடைப்பது மதிப்புள்ளது. கோளாறு ஜூன் 15-ஆம் தேதி வருகிறது. நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் இறங்கி, இரண்டு மாதம் வளர்ந்த குஞ்சை இரண்டு வாரத்தில் அள்ளிவிடுகின்றன. சரக்கு ஒரே நாளில் குவிவதால் விலையும் விழுகிறது. தடை முடிந்த முதல் மாதத்துக்காவது மடி ஆய்வைக் கடுமையாக்கி, படகுகளை அணி அணியாகப் பிரித்து அனுப்பலாம்.

நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் உயர்த்தி அறிவிக்கப்பட்ட தொகை. 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். விசைப்படகில் போகும் கூலிப் பங்காளிக்கு டீசல், ஐஸ் செலவு கழித்த பிறகுதான் பங்கு. படகு நின்றால் அவருக்கு எதுவும் இல்லை. ஐஸ் உடைப்பவர், லோடு தூக்குபவர், வலை பின்னுபவர், கருவாடு போடும் பெண்கள் எல்லோருடைய அடுப்பும் அதே படகை நம்பித்தான் எரிகிறது. மீனைக் காக்கும் விதியின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்காத கொள்கை, நீதி என்ற அளவிலும் தோற்கும், நடைமுறையிலும் தோற்கும். பசியோடு இருப்பவர் விதியை மீறுவார்.

எல்லைக்கோடும் ஆழ்கடலும்

மாநிலத்தின் அதிகாரம் கரையிலிருந்து 12 கடல்மைல் வரை. அதற்கு அப்பால் 200 கடல்மைல் வரை ஒன்றிய அரசு. இராமேஸ்வரத்தில் இந்தக் கணக்கே வேறு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த பன்னாட்டுக் கடல் எல்லைக்கோடு இங்கே மிக அருகில் வருகிறது. கரைப்பக்கம் 5 கடல்மைலை விட்டுவிட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுவைமடி போட மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு பட்டை. அதில் இத்தனை விசைப்படகுகளுக்கு இடமே இல்லை. படகுகள் கோட்டைத் தாண்டுவதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது எளிது. கடலின் அகலத்துக்குப் பொருந்தாத படகு எண்ணிக்கைதான் அடிப்படைக் காரணம். அந்தப் பக்கம் வலை அறுபட்டு நிற்பவர்களும் யாழ்ப்பாணம், மன்னார் பகுதித் தமிழ் மீனவர்கள்தான். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. கைது, படகுப் பறிமுதல், அபராதம் என்று நீளும் துயரத்துக்கு, நம் பக்கத்தில் இழுவைப்படகு எண்ணிக்கை குறையாமல் முடிவு வராது.

அதற்காக 2017-இல் தொடங்கியதுதான் பாக் விரிகுடா இழுவைப்படகுகளை ஆழ்கடலில் சூரை (டூனா) மீனைத் தூண்டிலில் பிடிக்கும் படகுகளாக மாற்றும் திட்டம். ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பீடு: ஒன்றிய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, பயனாளி 10. மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. மாறிய படகுகள் அந்த இலக்கின் பக்கத்தில்கூட இல்லை.

காரணங்கள் புரியாதவை அல்ல. காலையில் போய் மறுநாள் திரும்பும் தொழிலாளியை, வாரக்கணக்கில் கடலில் தங்கச் சொல்கிறோம். ஆயிரக்கணக்கான தூண்டில் முள்ளைக் கட்டி விடுவதும், சூரையைப் பிடித்த உடனே இரத்தம் வடித்து ஐஸில் வைப்பதும் தனித் திறமை. கெட்ட சூரைக்கு விலை இல்லை. பெரிய படகு அணைய ஆழமான துறை வேண்டும். மூக்கையூரிலும் குந்துகாலிலும் கட்டியது அதற்காகத்தான், ஆனால் வீடு இருக்கும் ஊர் வேறு, துறை இருக்கும் ஊர் வேறு. பயனாளி பங்கும் கடனும் சேர்ந்து 24 லட்சம். முதல் இரண்டு பயணம் நஷ்டமானால் அந்தக் கடன் குடும்பத்தையே அழுத்தும். ஆகவே படகுக்கு மட்டும் மானியம் தந்தால் போதாது. முதல் ஆண்டின் பயணச் செலவுக்கும், பயிற்சி பெற்ற மாலுமிக்கும், சூரைக்கு உறுதியான விலைக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். ஒப்படைத்த பழைய படகு உண்மையிலேயே உடைக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். வேறு துறைக்கு விற்றுவிட்டால், சுமை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

தொழிலை விட்டு விலக விரும்புபவருக்கு ஆழ்கடல் ஒன்றே வழி என்று நிற்கவும் கூடாது. படகை அரசே விலைக்கு வாங்கி உடைப்பது பலருக்குப் பொருத்தமாக இருக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. கூண்டு மீன்வளர்ப்புக்கு அது அடித்தளம்.

நாட்டுப்படகு செய்யும் தவறு

இழுவைமடியைப் பேசி முடித்ததும் நாட்டுப்படகு சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. தங்கூசி வலை (மெல்லிய நைலான் இழை வலை) அறுந்து கடலில் கிடந்தால் யாருக்கும் பயனில்லாமல் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். வெடி போட்டுப் பிடிப்பது பவளப்பாரையை உடைக்கிறது. அதைப் பேச்சுக்கு இடமில்லாமல் நிறுத்த வேண்டும்.

நண்டு விஷயம் கவனமாகப் பார்க்க வேண்டியது. வடகடல் நண்டு வலைக்காரரின் முதல் வருமானமே நீலக்கால் நண்டுதான். பெண்நண்டைத் திருப்பினால் அடிவயிற்று மடிப்புக்கு வெளியே பஞ்சுபோல் முட்டைத்திரள் தெரியும். அது மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் புது முட்டை. பழுப்பாகிக் கறுத்துவிட்டால் சில நாளில் பொரிந்துவிடும். ஒரு நண்டில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். கறுத்த முட்டையோடு வரும் நண்டை வலையிலிருந்து கால் ஒடியாமல் கழற்றிக் கடலில் விட்டால், பிடித்தவருக்கு இழப்பு ஒரு நண்டு. கடலுக்கு வரவு ஒரு தலைமுறை. இதை மீனவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. முட்டை நண்டைக் கிலோக் கணக்கில் எடுக்கும் கம்பெனி, எடுப்பதை நிறுத்தினால் மறுவாரமே மாற்றம் தெரியும். சிங்கி இறாலில் இதற்கு முன்னுதாரணம் உண்டு: 2003 முதல் இனத்தைப் பொறுத்து 150 முதல் 500 கிராமுக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக் கூடாது. கேரளம் 2015-இல் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, 2017-இல் அதை 58 இனமாக்கியது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு (கானாங்கெளுத்தி) 14. அளவுகோலைக் கடலுக்கு எடுத்துப் போக வேண்டாம். ஏலக்கூடத்தில் வைத்தால் போதும். சங்காயம் வாங்கும் இடத்தில் அது கட்டாயம் வேண்டும்.

தாங்களே விதி போட்டவர்கள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அதனால் தடையும் துரத்தலும் மிஞ்சின. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, வளரும் பருவத்தில் நிறுத்துவது என்று தாங்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். மரிக்கொழுந்துப் பாசியை வேரோடு பிடுங்காமல் எடுத்தால்தான் மறுபடி தழைக்கும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததல்ல. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்போருக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான்.

அந்த விதி நின்றதற்குக் காரணம் தெளிவு: வரம்புக்குக் கட்டுப்படுபவரே அதன் பலனையும் அடைகிறார். விசைப்படகு, நாட்டுப்படகு, கரைவலை, பாசி எடுப்போர், மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசும் துறைவாரிக் குழுவுக்குச் சட்ட அதிகாரம் கொடுப்பது இந்தக் கரைக்கு இன்றைய முதல் தேவை என்போம். ஆராய்ச்சி நிலையம் இனவாரியாகக் கணக்கு கொடுக்கட்டும், குழு முடிவெடுக்கட்டும், மீன்வளத் துறை அமல்படுத்தட்டும். சங்காயத்தை வெறும் எடையாக எழுதாமல் அதில் எந்த இனத்தின் குஞ்சு எவ்வளவு என்று மாதிரி எடுத்து எழுதுவதிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் கேட்கலாம். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் முன் மடி அளக்கப்படுகிறதா, உள்பை பார்க்கப்படுகிறதா? கடந்த ஆண்டு எத்தனை படகில் எஞ்சின் எண் ஒப்பிடப்பட்டது? ஆழ்கடல் திட்டத்தில் ஒப்படைத்த பழைய படகுகள் எங்கே உடைக்கப்பட்டன? சதுரக்கண் மடிக்கு மாறுபவருக்கு முதல் ஆறு மாத இழப்பீடு உண்டா? தடைக்கால நிவாரணத்தில் கருவாட்டுப் பெண்களும் சுமைதூக்குவோரும் எந்தப் பட்டியலில் வருகிறார்கள்?